நித்திரை வரும் வழி

நித்திரை, இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளுள் ஒன்று. அல்குர்ஆனின் 78ஆவது அத்தியாயமான ஸூரத்துந் நபஃ, பூமியையும் மலைகளையும் சொல்கிற அதே வரிசையில் நித்திரையையும் இரவையும் சேர்த்துச் சொல்கிறது. சிறு வயதில் ஓதும்போது இதை நான் கவனித்ததில்லை. மலையோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்கு நித்திரை பெரிய விடயமா என்ற யோசனை உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் வந்தது. எங்கள் வகுப்பில் இப்போது யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு முறைப்பாடு இருக்கும். "படிக்க இருந்தால் நித்திரை வருகுது" என்பது ஒன்று. "படுத்தால் நித்திரை வருகுதில்லை" என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொல்வதும் உண்டு.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு பாதிக் குளிசை. சென்ற தவணைப் பரீட்சைக் காலத்தில் என் தோழி ஒருத்தி, தடிமனுக்குக் கொடுக்கும் சின்னக் குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு படுப்பதாகச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் போடுவதுதானே, பயமில்லை என்றாள். அந்தக் குளிசையில் இருப்பது குளோர்பெனிரமின். மூளையை விழிப்பாக வைத்திருக்கும் பொருள்களுள் ஹிஸ்ரமினும் ஒன்று. தும்மலையும் மூக்கொழுகலையும் நிறுத்துவதற்காக ஹிஸ்ரமினைத் தடுக்கும் அந்த மருந்து மூளைக்குள்ளும் போய் அதைத் தடுக்கிறது. அதனால் கண் சொருகுகிறது. ஆனால் விடிந்தவுடன் மருந்து உடலை விட்டுப் போய்விடுவதில்லை. அவள் முதற்பாடம் முழுவதும் மேசையில் தலை வைத்துக்கொண்டிருந்தது அதனால்தான். சில நாளில் உடல் அதற்குப் பழகிவிட, பாதி போதாமல் முழுக் குளிசை கேட்கும். தடிமன் மருந்து தடிமனுக்கே இருக்கட்டும்.

அப்படியென்றால் வேறு என்ன செய்யலாம்? எமது வீடுகளில், எமது வெக்கையில், ரியூசனும் தொழுகையும் வீட்டு வேலையும் உள்ள எமது நாளில் எவை சரிவரும்? உயிரியல் ஆசிரியையிடம் கேட்டேன். உம்மம்மாவைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டேன். உம்மம்மாவிடமே அதிகம் கேட்டேன். நித்திரையைப் பற்றி எங்கள் வீட்டில் ஆகக் கூடுதலாக யோசித்தவர் அவர்தான். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் நித்திரை எப்படி வருகிறது என்று பார்ப்போம். அது இரண்டு மாடு பூட்டிய வண்டில் மாதிரி. முதலாவது மாடு களைப்பு. உயிரியல் படிக்கும் சகோதரிகளுக்கு ஏரீபீ என்ற சக்தி மூலக்கூறு நன்றாகத் தெரியும். கலங்கள் அதைச் செலவழிக்கச் செலவழிக்க மூளையில் அடினோசீன் சேர்ந்துகொண்டே போகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அது கூடும். போதிய அளவு கூடியதும் கண் தானாக மூடும். நித்திரையில் அது குறைந்துவிடும். இரண்டாவது மாடு உடலின் கடிகாரம். மூளையில் பரிவகக்கீழ் என்ற பகுதியில் இருக்கும் ஒரு சிறு கலக்கூட்டம், கண்ணிலிருந்து வரும் ஒளிச் செய்தியை வைத்து இது பகல், இது இரவு என்று கணக்கு வைக்கிறது. இருள் வந்ததும் பீனியல் சுரப்பி மெலற்றோனினைச் சுரக்கத் தொடங்கும். இந்தக் கடிகாரம் கலத்துக்குள்ளே எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த ஹோல், ரொஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு மாடும் ஒரே பக்கம் இழுத்தால்தான் வண்டில் போகும். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒன்றரை மணித்தியாலம் படுத்து எழும்பினால் முதலாவது மாட்டை அவிழ்த்துவிட்டதாகிறது. இரவு பதினொரு மணிவரை வெள்ளை வெளிச்சத்தில் கண்ணை வைத்திருந்தால் இரண்டாவது மாடு இன்னும் பகல் என்று நின்றுவிடுகிறது. பிறகு பாயில் புரண்டு என்ன பயன்?

பெற்றோர் அறிய வேண்டியது இங்கே ஒன்று உண்டு. எம் வயதில் இந்தக் கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும். சிறு பிள்ளைக்கு எட்டு மணிக்கு வரும் நித்திரை பதினாறு பதினேழு வயதில் பத்து பதினொன்றுக்குத்தான் வரும். அது சோம்பலுமல்ல, பிடிவாதமுமல்ல. ஆனால் தேவை குறைவதில்லை. 13 வயது முதல் 18 வயது வரையானவர்களுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016இல் அறிவித்தது. அந்தக் கணக்கை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்கும் பின்னால் வருகிறேன்.

வெளிச்சத்தின் பலத்தை எங்கள் நாடே ஒருமுறை பரிசோதித்துப் பார்த்திருக்கிறது. மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996 மே மாதத்தில் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னால் எடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்பிரல் வரை அப்படியே இருந்தது. வடக்கின் ஒரு பகுதி பழைய நேரத்தை விடவேயில்லை. அதனால் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. வாப்பா அப்போது புத்தளத்தில் படித்துக்கொண்டிருந்தார். புதிய நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போக இருட்டோடு எழும்ப வேண்டியிருந்தது என்பார். பிள்ளைகள் இருட்டில் புறப்படுகிறார்கள் என்ற பெற்றோரின் முறைப்பாடும் பழைய நேரத்துக்குத் திரும்பியதற்கு ஒரு காரணம். இதில் எனக்குப் பிடித்த விடயம் பாங்குதான். சுவர்க்கடிகாரத்தை யார் எப்படித் திருப்பினாலும் சுபஹும் மஃரிபும் சூரியனோடுதான் நின்றன. எமது உடலின் கடிகாரமும் அப்படித்தான்.

ஆகவே செலவில்லாத முதலாவது உதவி, காலை வெளிச்சம். சுபஹு தொழுதுவிட்டு மறுபடி படுக்காமல் முற்றத்துக்கு வந்து கூட்டினாலும் சரி, கிணற்றடியில் நின்றாலும் சரி, வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவு மெலற்றோனின் நேரத்துக்கு வரும். இரண்டாவது உதவி, இஷாவுக்குப் பிறகு வெளிச்சத்தைக் குறைப்பது. படிக்கும் மேசைக்கு மட்டும் விளக்கு இருந்தால் போதும். கைத்தொலைபேசியின் நீல ஒளிதான் கூடாது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கென்னவோ ஒளியை விட அதற்குள் வரும் செய்திகள்தான் கூடுதலாக நித்திரையைக் கெடுக்கின்றன என்று படுகிறது. இரவு பத்தரைக்கு வகுப்புக் குழுவில் "நாளைக்கு இந்த வினாத்தாளும் வரும்" என்று ஒருத்தி எழுதினால் திரையை மஞ்சளாக மாற்றி என்ன செய்வது? தொலைபேசி உம்மாவின் அறையில் சார்ஜில் இருக்கட்டும். விடியற்காலை எழும்புவதற்கு முப்பது வருடப் பழைய மணிக்கூடு எங்கள் வீட்டில் இன்னும் அடிக்கிறது.

தேத்தண்ணிக்கு வருவோம். படிப்பதற்காக இரவு எட்டரைக்கு ஒரு சாயத் தேத்தண்ணி குடிப்பது எம் வீடுகளில் வழக்கம். அன்போடு ஊற்றித் தருபவர் உம்மா. தேயிலையில் உள்ள கபேயின், அடினோசீன் போய் அமர வேண்டிய இடங்களில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. களைப்பு இருக்கும், களைப்பின் செய்தி மூளைக்குப் போகாது. குடித்த கபேயினில் பாதி உடலிலிருந்து நீங்க ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். எட்டரைக்குக் குடித்தால் ஒன்றரை மணிக்கும் பாதி மிச்சம். அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணியை நிறுத்திப் பாருங்கள், ஒரு கிழமையில் வித்தியாசம் தெரியும். சூடாக ஏதாவது வேண்டுமென்றால் மல்லியைச் சற்று வறுத்து அவித்த மல்லித்தண்ணி இருக்கிறது. கோப்பிக்கொட்டை கலந்த மல்லிக்கோப்பியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் நித்திரைக்குப் பெரிய எதிரி புழுக்கம். சித்திரை வைகாசியில், அதுவும் தகரம் அல்லது அஸ்பெஸ்ரஸ் போட்ட வீடுகளில், இரவு பதினொரு மணிக்கும் கூரை சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். நித்திரை வருவதற்கு உடலின் உட்சூடு சற்றுக் குறைய வேண்டும். உடல் அந்தச் சூட்டைக் கைகால்கள் வழியாகத்தான் வெளியே விடுகிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் வெதுவெதுப்பானால் நித்திரை விரைவாக வரும் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்பு இளஞ்சூட்டு நீரில் குளித்தால் நல்ல நித்திரை வருவதும் இதனால்தான். தோலுக்கு இரத்தம் வந்து, பிறகு சூடு வெளியேறுகிறது. பனிநாட்டு ஆய்வு எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் இரவில் இளஞ்சூடாகத்தான் இருக்கும், சுட வைக்கவே தேவையில்லை.

பழைய ஆட்கள் வேறும் செய்தார்கள். மாலையில் முற்றத்துக்கும் திண்ணைக்கும் தண்ணீர் தெளித்தார்கள். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சீமெந்து நிலத்தில் பாயை விரித்தார்கள். இறப்பர் மெத்தை உடற்சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பனையோலைப் பாயில் காற்றுப் போக இடம் உண்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது மின்விசிறியை நம்பியிருந்த நாங்கள் எல்லோரும் பாய்க்குத் திரும்பினோம். உம்மம்மா மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் அதே இடத்தில் அதே பாயில் படுத்தார்.

யன்னலைத் திறந்தால் காற்று வரும், கூடவே நுளம்பும் வரும். அதற்காக யன்னலைப் பூட்டிவிட்டு நுளம்புத்திரி கொளுத்துவது நல்லதல்ல. மூடிய அறையில் ஒரு திரி எரிந்து முடிந்தால், 75 முதல் 137 வரையான சிகரெட் எரிந்த அளவு நுண்துகள் வெளிவரும் என்று மலேசிய, சீனத் திரிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2003இல் சொன்னது. வேப்பிலைப் புகையும் புகைதான். மாலையில் போட்டு, பிறகு கதவைத் திறந்து புகையை வெளியே விட வேண்டும். இவை எல்லாவற்றையும் விடச் சிறந்தது வலை. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழ் தந்தது. அந்த வெற்றியில் நுளம்பு வலைக்கும் பங்குண்டு. வலைக்குள் படுத்தால் காதருகே ரீங்காரம் இல்லை, யன்னலும் திறந்திருக்கலாம்.

இனி, எல்லோரும் ஆவலோடு கேட்கும் கைமருந்துகள். யாழ்ப்பாண அரசர் காலத்திலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயரால் வைத்திய நூல்கள் எழுந்த மண் இது. கைதடியில் இன்றும் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். ஆகவே கைமருந்து என்று இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆனால் எது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

மருதோன்றியைப் பெருநாளைக்கு இலைக்காகத் தேடுகிறோம். அதன் சிறு பூங்கொத்தைத் துணியில் முடிந்து தலையணைக்குக் கீழே வைப்பது நித்திரைக்கான பழைய முறை. மணம் மெல்லியது, இதமானது. அது மூளையில் என்ன செய்கிறது என்று நான் இங்கே கதை விட மாட்டேன். கெடுதல் ஒன்றுமில்லை. தினமும் படுக்கும்போது ஒரே மணம் வந்தால் "இது படுக்கும் நேரம்" என்று மனம் பழகிக்கொள்ளும், அதுவே போதிய பலன். நொச்சியிலைத் தலையணையும் அப்படியே. சளியும் தலைப்பாரமும் உள்ளவர்கள் அதை விரும்புவார்கள்.

இளஞ்சூட்டுப் பாலில் சாதிக்காய் உரைத்துக் குடிப்பது இரண்டாவது. ஒரு சிட்டிகை என்றால் சரி. சாதிக்காயில் மிரிஸ்ரிசின் என்ற பொருள் உண்டு. கரண்டிக் கணக்கில் போட்டால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் என்று ஆஸ்பத்திரி வரை போக நேரும். எங்கள் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞரான இப்னு ஹஜர் அல்ஹைதமி, பதினாறாம் நூற்றாண்டிலேயே மக்காவில் இருந்துகொண்டு, சாதிக்காயைப் போதை தரும் பொருள்களோடு சேர்த்து எச்சரித்திருக்கிறார் என்பதை அறிந்தபோது வியந்தேன். ஆகவே அளவு தெரியாதவர்கள் வெறும் பாலே குடிக்கலாம். மற்றொன்று கசகசா. புத்தகங்களில் நித்திரைக்குச் சொல்லப்படும் கசகசா பொப்பிச் செடியின் விதை. நோன்பு காலத்தில் நாங்கள் சர்பத்தில் ஊறப் போடும் கறுப்புக் கசகசா துளசி இனத்து விதை. அதைக் குடித்துவிட்டு நித்திரைக்குக் காத்திருந்தால் விடிந்துவிடும்.

ஸுன்னத்தான நடைமுறைகளைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் கல்லூரிச் சஞ்சிகையில் இக்கட்டுரை முழுமை பெறாது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. படுக்கையை உதறுதல், விளக்கை அணைத்தல், வுழூவோடு வலப்பக்கம் சாய்ந்து படுத்தல் ஆகியவையும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. இவற்றுக்கெல்லாம் விஞ்ஞான விளக்கம் தேடிப் பெருமைப்படும் கட்டுரைகள் பல உண்டு. நான் அந்த வழியில் போகவில்லை. வணக்கமாகச் செய்வதை வணக்கமாகவே செய்யலாம். ஒன்றை மட்டும் கவனித்தேன். மாலை நேரத்தில் உறங்கி முதலாவது மாட்டை அவிழ்க்காதே, இரவில் கதையை நீட்டாதே, ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் படு என்று இன்று நித்திரை வைத்தியர்கள் எழுதும் அறிவுரையும் அதே திசையில்தான் இருக்கிறது.

உம்மம்மாவுக்கு இவை எதுவும் புதிதில்லை. பாய், வலை, மல்லித்தண்ணி, ஓதல் எல்லாமே அவர் எமக்குச் சொல்லித் தந்தவை. ஆனால் அவருக்கே நித்திரை வரவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது அவர் உம்மாவையும் இரண்டு மாமாமாரையும் கையில் பிடித்துக்கொண்டு சோனகதெருவிலிருந்து நடந்தவர். உம்மாவுக்கு அப்போது ஏழு வயது. பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில், அதன் பிறகு கல்வீடு. யுத்தம் முடிந்து திரும்பி வந்து இப்போது எங்கள் பழைய காணியிலேயே வீடு. ஆனாலும் இரவில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டாலோ வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலோ எழுந்து உட்கார்ந்துவிடுவார். கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து, விடியும்வரை கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பார். "வயசுக்கு நித்திரை குறையும் மகள்" என்று எம்மைச் சமாளித்தார். நாங்களும் பல வருடம் அப்படியே நம்பினோம். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த வைத்தியர்தான், இது வயதால் வந்ததில்லை, பயத்தால் வந்தது, இதற்கு வைத்தியம் உண்டு என்றார்.

அந்த வைத்தியம் இந்த மண்ணிலேயே உருவானது என்பதைப் பின்னர் அறிந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் அவர்கள், யுத்த காலத்தில் நித்திரையின்மையோடும் கெட்ட கனவுகளோடும் படபடப்போடும் வந்தவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவர். யுத்தம் மக்களின் மனதில் விட்ட தழும்பைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலும் எழுதியிருக்கிறார். மருந்தும் வைத்தியர்களும் போதாத அந்த நாட்களில் அவரும் அவருடன் பணியாற்றியோரும் மக்கள் ஏற்கெனவே அறிந்த எளிய முறைகளைக் கையில் எடுத்தார்கள். தசைகளைத் தளர்த்துதல், மூச்சை மெதுவாக்குதல், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்பன அவை. எந்தச் சொல் என்பது அவரவர் மார்க்கத்தைப் பொறுத்தது. சைவர்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ரு. ஆசிரியர்களுக்கும் கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கும் இவற்றைப் பழக்கினார்கள்.

உம்மம்மாவோடு கிளினிக்குக்குப் போய் நானும் பழகிக்கொண்டேன். சொல்கிறேன், செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று விரித்து, கைகளை உடலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். முதலில் இரண்டு பாதங்களையும் முன்னால் நீட்டி இறுக்கிப் பிடியுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பிடித்து, சட்டென்று விடுங்கள். விட்ட பிறகு அந்த இடம் எப்படிப் பாரமாகிறது என்று பதினைந்து எண்ணும்வரை கவனியுங்கள். அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது, பலனே அந்தக் கவனிப்பில்தான். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுஷ்டி, தோள் என்று மேலே வாருங்கள். தோளைக் காதுவரை உயர்த்திப் பிடித்து விடும்போது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பெருமூச்சு வரும். நாள் முழுவதும் குனிந்து எழுதி அங்கேதான் இறுக்கம் கட்டியிருக்கும். கடைசியாகத் தாடையையும் நெற்றியையும் சுருக்கி விடுங்கள். தசையை இறுக்கித் தளர்த்தும் இந்த முறையை அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக எழுதினார். எங்கள் வைத்தியர்கள் அதைச் சாந்தியாசனத்தோடு ஒப்பிட்டு இங்குள்ளோருக்குப் புரியவைத்தார்கள். முழுவதும் செய்யப் பதினைந்து நிமிடம் ஆகும். முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். இரண்டு கிழமை விடாமல் செய்தால் பாதத்திலிருந்து வயிற்றுக்கு வருவதற்குள் கண் மூடிவிடும்.

அதற்குப் பிறகு மூச்சு. மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்த நேரத்தை விட நீளமாக வெளியே விட வேண்டும். விடும் மூச்சோடு சொல்லைச் சேர்க்கலாம். உம்மம்மாவிடம் வைத்தியர், "அம்மா, படுக்கேக்க நீங்கள் வழமையா ஓதுறது என்ன?" என்று கேட்டார். வைத்தியர் சைவர். உம்மம்மா, ஃபாத்திமா (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்த தஸ்பீஹைச் சொன்னார். சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. வீட்டு வேலையால் களைத்துப்போய் ஒரு பணியாளர் கேட்டுப்போன மகளுக்குப் படுக்கப் போகும்போது சொல்லும்படி கிடைத்த திக்ரு அது. "அப்ப அதையே ஒரு மூச்சுக்கு ஒண்டாச் சொல்லுங்கோ. வேகமா எண்ணி முடிக்க வேண்டாம்" என்றார் வைத்தியர். நூறு மூச்சு என்பது பத்து நிமிடத்துக்கும் மேல். உம்மம்மா நூறை எட்டும் நாட்கள் இப்போது குறைவு. ஒலிபெருக்கி கேட்டால் இன்றும் எழும்புகிறார், அது போகவில்லை. ஆனால் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உறங்குகிறார்.

படுத்து இருபது நிமிடத்துக்கு மேல் நித்திரை வராவிட்டால் என்ன செய்வது? எழும்பிவிட வேண்டும். இது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் சொன்ன முறை இது. பாயில் கிடந்து கவலைப்படக் கவலைப்பட, பாயென்றால் கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடும். ஆகவே எழுந்து மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஓதுவதோ துணி மடிப்பதோ செய்து, கண் சொருகும்போது திரும்பிப் படுக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது. அதே காரணத்துக்காகக் கட்டிலில் இருந்து படிப்பதும் கூடாது. இடவசதி குறைந்த வீட்டில் இது கஷ்டம்தான். எங்கள் வீட்டில் நான் படிக்கும்போது பாயைச் சுருட்டிச் சுவரோடு வைத்துவிடுவேன். விரித்தால் படுக்கை, சுருட்டினால் படிப்பறை.

இப்போது அந்த எட்டு மணித்தியாலக் கணக்கு. ரியூசன் முடிந்து வர ஆறரை. மஃரிபு, சாப்பாடு, இஷா முடிய எட்டு மணி. பத்து மணிவரை படித்துப் பத்தேகாலுக்குப் படுத்தால், சுபஹுக்காக நாலேமுக்காலுக்கு எழும்ப, ஆறரை மணித்தியாலம்தான் கிடைக்கிறது. லுஹர் தொழுகைக்குப் பின் கைலூலா என்று எம் முன்னோர் படுத்தார்களே, அதில் இருபது முப்பது நிமிடத்தைச் சேர்த்தால் ஏழு. அதற்கு மேல் படுத்தால் இரவு நித்திரை கெடும். மிச்ச ஒரு மணித்தியாலத்தை எங்கிருந்து எடுப்பது? நான் பார்த்த அளவில் ஒரே இடம்தான் இருக்கிறது. ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் போகும் ரியூசனில் ஒன்றை விடுவது. பெற்றோர் கோபிக்க வேண்டாம். பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி நிலையான ஞாபகமாக மாற்றும் வேலையில் பெரும்பகுதி நித்திரையில்தான் நடக்கிறது. இரவு இரண்டு மணிவரை விளக்கெரியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எங்களுக்குக் காட்டும் உம்மாமார், அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று எங்களிடம் கேட்டால் சொல்லுவோம்.

சில நித்திரையின்மைக்குப் பாயும் பாலும் தஸ்பீஹும் மட்டும் போதாது. கிழமையில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழும்பினால், எதிலும் விருப்பமில்லாமல் அழுகை வந்துகொண்டேயிருந்தால், இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். பணம் இல்லை. மனநலப் பிரிவு என்ற பெயரைக் கேட்டு உம்மம்மாவை அங்கே கூட்டிப் போகவே எங்கள் வீட்டில் ஒரு வருடம் கதைத்தார்கள். குமர்ப்பிள்ளை என்றால் இன்னும் எவ்வளவு காலம் கதைப்பார்களோ தெரியாது. நாங்கள் போனபோது அந்த வாங்கில் எங்கள் தெருவைச் சேர்ந்த மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். உம்மம்மாவுக்கு இடம் விட்டு நகர்ந்து, "இப்பதான் வாறியளோ?" என்று கேட்டார்கள்.